பம்பு வாங்கும் முன் கிணற்றை அளப்போம்

"எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கலாமுங்க?"

பயிற்சிக் கூட்டங்களில் விதை, மூடாக்கு, பூச்சிவிரட்டி எல்லாம் பேசி முடித்து, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து இதைக் கேட்டுவிடுவார். நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "உங்க கெணத்துல மணிக்கு எத்தனை அடி தண்ணி ஊறுதுங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. மாட்டுக்கு எத்தனை கிலோ தீவனம் என்பதைச் சரியாகச் சொல்கிறவர்கூட, தன் கிணற்றின் ஊற்றை அளந்து பார்த்திருக்க மாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் 5 எச்.பி. ஓடினால் நமக்கு ஏழரை என்று போய்விடுகிறோம். ரசாயன உரத்தை "ஏக்கருக்கு இன்னொரு மூட்டை சேர்த்துப் போடு" என்ற அதே புத்திதான் இது. உரத்தில் அதை விட்டுவிட்டோம், மோட்டாரில் இன்னும் விடவில்லை.

இந்தப் பாடத்தில் நான் பேசப்போவது மையவிலக்குப் பம்பு பற்றி. நாம் 'மோட்டார்' என்று சொல்கிற பெட்டியில் உண்மையில் இரண்டு பொருள் இருக்கிறது. சுற்றுவது மோட்டார், தண்ணீரைத் தள்ளுவது பம்பு. இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் மோனோபிளாக். கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கிற நீர்மூழ்கியும் இதே இனம்தான். போர்வெல் நீர்மூழ்கி என்பது பல இம்பெல்லர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒவ்வொரு அடுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக் கொடுக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

மழையில் நனைந்த குடையைச் சுழற்றினால் துளிகள் விளிம்பிலிருந்து தெறிக்கும். அவ்வளவுதான் மையவிலக்கு. பம்புக்குள் இருக்கிற இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,800, 2,900 சுற்று சுற்றுகிறது. அதன் இதழ்களுக்கு நடுவில் இருக்கிற தண்ணீர் வெளிப்பக்கம் வீசப்படுகிறது. சுற்றியிருக்கிற கூடு நத்தை ஓடு மாதிரி வரவர அகலமாகும். வேகமாக வந்த தண்ணீர் அங்கே நிதானப்பட்டு, அந்த வேகம் அழுத்தமாக மாறி டெலிவரி பைப்பில் ஏறுகிறது.

தண்ணீர் வெளியே போன இடத்தில், அதாவது இம்பெல்லரின் நடுக்கண்ணில், அழுத்தம் குறைகிறது. அப்போது கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிற காற்றுமண்டலம் தண்ணீரை செக்‌ஷன் பைப் வழியாக மேலே தள்ளிவிடுகிறது. பம்பு "இழுக்கிறது" என்று நாம் சொல்வது பேச்சுக்குத்தான். தள்ளுவது காற்று. காற்றுக்கு ஒரு அளவு பலம்தான் உண்டு. கடல்மட்டத்தில் முழு வெற்றிடம் உண்டாக்கினாலும் 34 அடிக்கு மேல் தண்ணீரைத் தள்ள அதனால் முடியாது. பைப் உராய்வு, ஃபுட்வால்வு, சின்னச் சின்ன கசிவு எல்லாம் கழித்தால் நடைமுறையில் 20, 22 அடிதான். 5 எச்.பி. போட்டாலும் சரி, 50 எச்.பி. போட்டாலும் சரி, இந்த 22 அடி மாறாது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற மலைத்தோட்டங்களில் காற்றே லேசு. அங்கே 15 அடிக்கு மேல் நம்ப வேண்டாம்.

ஆகவே கோடையில் தண்ணீர் இறங்கினால் பம்பும் கீழே இறங்க வேண்டும். இல்லையென்றால் கூழாங்கல்லை உள்ளே போட்டு உருட்டின மாதிரி ஒரு சத்தம் வரும். "பேரிங் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். பேரிங் நன்றாகவே இருக்கும். அழுத்தம் ரொம்பக் குறைந்த இடத்தில் தண்ணீரே ஆவிக் குமிழாக மாறி, அடுத்த நொடி அந்தக் குமிழ்கள் நசுங்கி வெடிக்கிற சத்தம் அது. அப்படியே விட்டால் இம்பெல்லரை அந்துப்பூச்சி அரித்த மாதிரிச் சின்னச் சின்னக் குழி விழுந்துவிடும்.

தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் ஏன் எடுப்பதில்லை என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசு. இம்பெல்லர் காற்றை எவ்வளவு வீசினாலும் நடுக்கண்ணில் பேருக்குத்தான் அழுத்தம் குறையும். முதலில் பம்பும் செக்‌ஷன் பைப்பும் தண்ணீரால் நிரம்பியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் ஃபுட்வால்வின் வேலை. தினமும் குடத்தில் தண்ணி எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறவர் பம்பைத் திட்டாமல், ஃபுட்வால்வின் தோலை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம்.

ஏழரை எச்.பி.யும் எட்டடித் தண்ணீரும்

என் அக்கா மகன் இயற்கை வேளாண்மைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடலை, கம்பு, கொஞ்சம் காய்கறி. இருபதடி விட்டத்தில் வட்டக்கிணறு. வாங்கினபோதே தோட்டத்தோடு ஏழரை எச்.பி. பம்பும் வந்தது. சித்திரையில் ஒருநாள் போன் பண்ணினான்.

"மாமா, ரெண்டாவது தடவையா காயில் போச்சுங்க. கெணத்துல தண்ணி இல்லீங்க. போர் போட்டுறலாம்னு இருக்கறனுங்க. நகைய வெச்சா ஆயிருமுங்க."

"யாரு நகை மாப்ளே?"

பதில் இல்லை. அவன் மனைவியின் நகைதான்.

"நகைய எடுக்காத. ஒருநாள் பொறு. நான் வந்து கயிறு விட்டுப் பாக்கறேன்" என்றேன்.

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு விட்டோம். எட்டடித் தண்ணீர் நின்றது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து பம்பு இரவல் வாங்கி இறைத்துவிட்டு, நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்தோம். ஓரடி ஏறியிருந்தது. இருபதடி விட்டக் கிணற்றில் ஓரடி உயரம் என்பது 314 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக ஏறக்குறைய 8,900 லிட்டர். மணிக்கு அவ்வளவு ஊறுகிறது என்றால் வினாடிக்கு இரண்டரை லிட்டர்.

அவனுடைய ஏழரை எச்.பி. வினாடிக்குச் சுமார் 10 லிட்டர் இறைத்துக்கொண்டிருந்தது. வருவது இரண்டரை, போவது பத்து. மணிக்கு மூன்றடி வீதம் தண்ணீர் இறங்கும். சேறு ஏறாமல் இருக்க அடியில் இரண்டடி விட வேண்டும். மிச்சம் ஆறடி. இரண்டே மணி நேரத்தில் ஃபுட்வால்வு வெளியே தெரிந்துவிடும். அவன் மடை மாற்றிக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பான். இங்கே பம்பு காற்றை மென்றுகொண்டு ஓடும். குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் சீல் வெந்து போகும், கசிகிற தண்ணீர் மோட்டாருக்குள் போகும். காயில் போனது இப்படித்தான். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் போகவில்லை. கிணறு கொடுக்கிற வேகத்துக்கு நான்கு மடங்கு வேகத்தில் கேட்டோம்.

வினாடிக்கு 5 லிட்டர் இறைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம். மணிக்கு ஓரடிதான் இறங்கும். ஆறடிக்கு ஆறு மணி நேரம் ஓடும். 1,08,000 லிட்டர். ஒரு ஏக்கர் முழுக்க ஓரங்குலம் தண்ணீர் நிறுத்தவே ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வேண்டும். அவனுக்கு ஒருநாளைக்குப் போதும். பெரிய பம்பிலும் விட்டு விட்டு இறைத்தால் கிட்டத்தட்ட அதே தண்ணீர் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பது யார்?

பெரிய பம்பு தண்ணீரை உண்டாக்காது. நம் ஊரில் பாதிப் போர்வெல்கள் இந்தக் கணக்கைப் போடாமல் தோண்டப்பட்டவை என்பது என் எண்ணம்.

உயரத்தை அளப்பது

இனி எச்.பி. கணக்கு. வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை, எத்தனை மீட்டர் உயரம் என்பதால் பெருக்கி, 75-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான எச்.பி. வரும். பம்பு தனக்குக் கொடுத்த சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீருக்குக் கொடுக்கும். ஆகவே வந்த எண்ணை 0.55 அல்லது 0.6-ஆல் மறுபடியும் வகுக்க வேண்டும்.

உயரம் என்றால் தரையிலிருந்து அளப்பதல்ல. கோடையில் இறைத்து முடிக்கிறபோது தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து, தண்ணீர் விழுகிற தொட்டியின் வாய் வரை. அவன் தோட்டத்தில் அது 60 அடி, அதாவது 18 மீட்டர். இதோடு பைப் உராய்வைக் கூட்ட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம்.

100 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. பைப்பில் வினாடிக்கு 5 லிட்டர் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 2 அங்குலமாக இருந்தால் உராய்வுக்கு மட்டும் சுமார் 13 மீட்டர் உயரம் போய்விடும். இரண்டரை அங்குலத்தில் சுமார் 4 மீட்டர். மூன்று அங்குலத்தில் 2 மீட்டர்கூட ஆகாது. அரை அங்குலம் கூடினதற்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. 2 அங்குல பைப் போட்டவர் தன் கிணற்றை 40 அடிக்கும் மேல் ஆழப்படுத்திக்கொண்டதற்குச் சமம். பைப்பில் மிச்சம் பிடித்த காசை மோட்டாரில் கொடுக்கிறோம். கடையில் சொல்லும் 63, 75, 90 மி.மீ. என்பதெல்லாம் வெளிவிட்டம் என்பதையும் கவனத்தில் வையுங்கள். உள்ளே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அதே பைப்பில் இரண்டு மடங்கு தண்ணீர் அனுப்பினால் உராய்வு இரண்டு மடங்கு ஆகாது, மூன்றரை மடங்குக்கு மேல் ஆகும். மாப்பிள்ளை தோட்டத்தில் இருந்தது இரண்டரை அங்குல பைப், 100 மீட்டர். பழைய பம்பு 10 லிட்டரை அதில் தள்ள உராய்வு மட்டும் 15 மீட்டர். ஃபுட்வால்வு, பெண்டு எல்லாம் சேர்த்து மொத்தம் 35 மீட்டர். 10 × 35 ÷ 75 ÷ 0.6 என்று போட்டால் 7.8 வருகிறது. ஏழரை எச்.பி. மூச்சுத் திணறித்தான் ஓடியிருக்கும். 5 லிட்டருக்கு 18 + 4 + 1 = 23 மீட்டர். 5 × 23 ÷ 75 ÷ 0.55 என்றால் 2.8. ஆக 3 எச்.பி. போதும். பாதித் தண்ணீருக்குப் பாதிக்கும் குறைவான சக்தி. பைப்பை மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

"மின்சாரம்தான் இலவசமாச்சே, எதுக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காயில் கட்டுவது இலவசமில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாருக்கும் பொது. ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் இழுத்தால் கடைக்கோடித் தோட்டத்தில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் எடுத்துச் சூடாகும்.

3 எச்.பி. என்று முடிவானதும் கடையில் எந்த 3 எச்.பி.யையும் எடுத்துவிடக் கூடாது. பம்பின் தகட்டில் உயரம் எத்தனை மீட்டர், அந்த உயரத்தில் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். நம் கணக்கு 23 மீட்டர் என்றால் தகட்டில் 23 என்பது நடுவில் வருகிற மாதிரி, உதாரணமாக 18 முதல் 28 வரை உள்ள பம்பாக எடுக்க வேண்டும். "40 மீட்டர் தூக்கும் பம்பு, இருந்துட்டுப் போகட்டுமே, பலமா இருக்கும்" என்பார் கடைக்காரர். மையவிலக்குப் பம்பில் இது தலைகீழ். உயர எதிர்ப்பு குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரை வீசும், அதிகத் தண்ணீர் வீசினால் அதிக ஆம்பியர் எடுக்கும். 40 மீட்டர் பம்பை 20 மீட்டரில் ஓட்டினால் மோட்டார் எரியத்தான் வழி. அப்படி ஒரு பம்பு ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, ஆம்பியர் மீட்டர் முள் தகட்டில் எழுதின அளவுக்குள் வருகிற வரை வைக்கலாம். மூடினால் ஆம்பியர் குறையும். பலர் நம்ப மாட்டார்கள். ஒருமுறை செய்து முள்ளைப் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் கேட் வால்வை மூடிவைத்து ஸ்டார்ட் பண்ணி, பிறகு மெதுவாகத் திறக்கச் சொல்வது. மூடின நிலையில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகிவிடும். பவர் ஸ்பிரேயரில் இந்தப் பழக்கத்தைக் காட்டிவிடாதீர்கள். அதில் இருப்பது பிஸ்டன் பம்பு. வெளிவழியும் திரும்புவழியும் அடைபட்டால் ஹோஸ் வெடித்துவிடும்.

சூரிய ஒளிப் பம்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றும் வேகம் குறைந்தால் தண்ணீர் அதே விகிதத்தில் குறையும், ஆனால் தூக்கும் உயரம் அதன் இருமடியில் குறையும். வேகம் 30 சதவீதம் குறைந்தால் உயரம் பாதியாகிவிடும். காலையில் பம்பு சுற்றுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பழுது என்று பதற வேண்டாம். வெயில் ஏறட்டும். ஆனால் பகல் 10 மணி தாண்டியும் வரவில்லை என்றால் உயரக் கணக்கில் கோளாறு. டீசல் எஞ்சினில் பெல்ட் போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் கப்பியை மாற்றியே சரிசெய்துகொள்ளலாம்.

மாட்டும்போது

செக்‌ஷன் பைப் டெலிவரியைவிட ஒரு சைஸ் பெரியதாக இருக்கட்டும். பெண்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பைப் பம்பை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விட்டுப்போகும்.

லைன் வேலை நடந்த மறுநாள் "தண்ணி வருது, ஆனா கம்மியா வருது" என்றால் முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். மும்முனை மோட்டாரில் இரண்டு பேஸ் இடம் மாறினால் தலைகீழாகச் சுற்றும். தலைகீழாகச் சுற்றினாலும் மையவிலக்குப் பம்பு தண்ணீரைத் திருப்பி இழுக்காது, அதே பக்கம்தான் தள்ளும். இதழ் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் குறைவாகத் தள்ளும், அவ்வளவே. அதனால்தான் பலர் கண்டுபிடிக்காமல் மாசக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். தெரிந்தவர்களை வைத்து, மெயினை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும்.

கரைசல்களைப் பம்பில் விடலாமா

இயற்கை உழவர்களுக்கே உரிய கேள்வி இது. வேளாண் மோனோபிளாக் பம்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 9079, தன் தலைப்பிலேயே தெளிந்த, குளிர்ந்த தண்ணீருக்கான பம்பு என்றுதான் சொல்கிறது. சாணக் கரைசலை அதில் விட்டுவிட்டு உத்தரவாதம் கேட்டால் கிடைக்காது.

வாய்க்கால் பாசனம் செய்கிறவருக்குப் பம்பே வேண்டாம். தொட்டிக்குப் பக்கத்தில் திண்ணை மேல் பீப்பாயை வைத்து, அடியில் குழாய் மாட்டி, வாய்க்கால் தலைப்பில் சொட்டவிட்டால் முடிந்தது. 200 லிட்டர் ஜீவாமிர்தம் தண்ணீர் கட்டி முடிக்கிற நேரத்தில் தீருகிற மாதிரிக் குழாயைத் திருகி வைத்தால் போதும். எந்தப் பம்பும் இதைவிடச் சிறப்பாகச் செய்யாது.

சொட்டுநீர்க்காரர்களுக்குத்தான் சிக்கல். சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவில் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இதில் நார் இருக்கிறது, மாவு இருக்கிறது, மண் இருக்கிறது. நார் இம்பெல்லர் கண்ணில் சுற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் மூடின இம்பெல்லரில் சிக்கினால் பம்பைக் கழற்றாமல் எடுக்க முடியாது. அதனால் ஒருநாள் அசையாமல் வைத்துத் தெளிய விட்டு, நைலான் துணியில் இரண்டு முறை வடிகட்டி, மேலாகத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடிச்சாந்து கம்போஸ்ட் குழிக்கு.

இன்னொரு விஷயம், நுரை. புளிக்கிற கரைசலில் வாயுக்குமிழ் நிறைய இருக்கும். பம்பு மேலேயும் கரைசல் கீழேயும் இருந்தால் குமிழ்கள் விரிந்து இம்பெல்லர் கண்ணில் சேர்ந்துவிடும், பம்பு வெறும் சத்தம் போடும். கரைசல் தொட்டியைப் பம்பைவிட உயரத்தில் வையுங்கள். தானாகவே நிரம்பி நிற்கட்டும். ஃபுட்வால்வும் வேண்டாம், தண்ணி ஊற்றவும் வேண்டாம்.

வெஞ்சுரி போடுகிறவர்கள் அது தின்னும் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளே வருகிற அழுத்தத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொண்டால்தான் அது கரைசலை இழுக்கும். சொட்டுவானுக்கு 10 மீட்டர் அழுத்தம், அதற்கு மேல் வடிகட்டி, அதற்கு மேல் வெஞ்சுரி. இதையெல்லாம் கூட்டாமல் பம்பு வாங்கினவர் வெஞ்சுரியைக் குறை சொல்வார்.

சிலர் கிணற்றுப் பம்பின் செக்‌ஷன் பைப்பிலேயே ஒரு டீ மாட்டிக் கரைசலை இழுக்க விடுகிறார்கள். நன்றாக இழுக்கும்தான். ஆனால் மின்சாரம் நின்ற அந்த நொடியில் ஃபுட்வால்வு கசிந்தால் சாணமும் கோமியமும் நேராகக் கிணற்றுக்குள் போகும். குடிக்கிற தண்ணீருக்கும் அதே கிணறு என்றால் இது விளையாட்டு இல்லை. கரைசல் குழாயில் ஒருவழி வால்வு இருந்தாலும் இந்தப் பக்கம் அது காக்காது. நான் இந்த முறையை யாருக்கும் சொல்வதில்லை. டெலிவரிப் பக்கம், ஒருவழி வால்வைத் தாண்டி விடுங்கள்.

இம்பெல்லர் அடிக்கிற அடியில் நுண்ணுயிர் செத்துப்போகாதா என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். நகரங்களில் கழிவுநீரை நுண்ணுயிர் வைத்துச் சுத்திகரிக்கிற நிலையங்களில், அந்த நுண்ணுயிர்ச் சேற்றை மறுபடியும் தொட்டிக்கு அனுப்ப மையவிலக்குப் பம்புகளைத்தான் இரவு பகலாக ஓட்டுகிறார்கள். அங்கே அவை பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒருமுறை பம்பு வழியாகப் போவதால் பெரிய பாதகமில்லை. வால்வை மூடிவைத்துக் கரைசலை உள்ளேயே கடைந்து சூடாக்கினால்தான் சாகும். பஞ்சகவ்யம் மாதிரி கெட்டியானதை அப்படியே விடாமல், 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்று கலந்த பிறகு பம்பில் விடுங்கள். கெட்டித் திரவத்தில் பம்பு தள்ளுகிற அளவும் உயரமும் இரண்டுமே குறைந்துவிடும்.

கரைசல் விட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட விடுவதை மறக்கக் கூடாது. புளித்த கரைசல் வார்ப்பிரும்பை அரிக்கும், சொட்டுவானில் வழவழப்பு படியும். சாண எரிவாயுக் கலனின் கழிவை இறைக்க வேண்டுமென்றால் இதெல்லாம் சரிப்படாது. அதற்குத் திறந்த இம்பெல்லர் உள்ள சேற்றுப் பம்புதான். ஊருக்கு ஒன்று வாங்கி நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். வருஷத்தில் சில நாள் வேலைக்கு ஆளுக்கொன்று எதற்கு?

கிணற்றுக்குள் இறங்குவது

பம்பை இறக்கி ஏற்றும் வேலையில் உயிர் போயிருக்கிறது. டீசல், பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுப் படியில் வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கு எரிகிறதா என்று இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கம் பிராணவாயு குறைந்திருந்தால் காட்டிக்கொடுக்கும், இந்த வாயுவைக் காட்டாது. சாணக் கழிவுக் குழியில் வருகிற வாயுவும் அப்படித்தான். அழுகின முட்டை நாற்றம் முதலில் வரும், அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அங்கே விளக்கும் கொண்டுபோகக் கூடாது, வாயு பற்றிக்கொள்ளும். ஒருத்தர் உள்ளே மயங்கினால் அடுத்தவர் பதறிக் குதிக்கிறார், அவரும் விழுகிறார். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே இரண்டு பேர் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். மயங்கினால் மேலிருந்து கயிற்றால்தான் இழுக்க வேண்டும், உடனே தீயணைப்புத் துறைக்குப் போன் செய்ய வேண்டும். ஈரக் கிணற்றில் எர்த் இல்லாத மோட்டாரைத் தொட்டு இறந்தவர்களும் உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டிவிடுங்கள்.

அக்கா மகன் போர் போடவில்லை. 3 எச்.பி.யும் தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கிற கருவியும் மாட்டினான். காய்கறிப் பாத்திக்குக் கடலைக்கொடி மூடாக்குப் போட்ட பிறகு ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டிய தேவையே தினமும் வரவில்லை.

புதுப்பம்பு மாட்டின அன்றே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். 200 லிட்டர் பீப்பாயைத் தண்ணீர் விழுகிற வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். 40 வினாடி என்றால் வினாடிக்கு 5 லிட்டர். தேதி, கிணற்று நீர்மட்டம், ஆம்பியர் மூன்றையும் சேர்த்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைக்க வேண்டும். அடுத்த வருஷம் அதே மட்டத்தில் 50 வினாடி ஆனால், ஃபுட்வால்வு சல்லடையில் இலை அடைத்திருக்கிறதா, செக்‌ஷனில் காற்று வாங்குகிறதா, சுற்றும் திசை சரியா என்று வரிசையாகப் பார்த்து, அதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பம்பைப் பிரித்து இம்பெல்லர் தேய்மானத்தைப் பார்க்கலாம்.